முலாம் பூசிய பழைய கரண்டிகள்: செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைத் திறந்தவெளிச் சந்தைகளிலும் வெள்ளிபோல் மின்னும் கரண்டிகளும் முள்கரண்டிகளும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. திருப்பிப் பார்த்தால் கிரீடம், கேடயம், கோதிக் என்னும் பழைய அலங்கார பாணி ஆங்கில எழுத்து என்று நான்கைந்து சின்னங்கள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கொண்டு யார் செய்தது, எப்போது செய்தது என்று கண்டறிய நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தகவல்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றிலும் பெரும்பகுதி அசல் வெள்ளிக்காக எழுதப்பட்டவை. முலாம் பொருளுக்கு அவற்றைப் பொருத்திப் பார்த்தால் விடை தப்பாகத்தான் வரும். புதிதாக இதில் இறங்குகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்துங்கள். அசல் வெள்ளியில் இருக்கும் ஹால்மார்க், ஒரு பரிசோதனை அலுவலகம் உலோகத்தைச் சோதித்து அடித்த சட்டபூர்வமான சான்று. முலாம் பொருளில் இருக்கும் முத்திரையை அடித்தவர் தயாரிப்பாளரே. எந்தச் சின்னம், எத்தனை சின்னம் என்பதெல்லாம் அவர் விருப்பம். பார்த்தவுடன் ஹால்மார்க் என்று தோன்ற வேண்டும் என்றே பலர் அப்படி வடிவமைத்தார்கள். அதனால் ஒரு சின்னத்தைப் பார்த்ததும் பெயருக்குத் தாவாதீர்கள். முதலில் உலோகம், பிறகு தரம், அதன்பின் பெயர், கடைசியில் காலம். இந்த வரிசையில் போனால் பாதிக் குழப்பம் தானாகவே விலகிவிடும்.

1. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்று வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். பத்து பிரிட்டிஷ் பவுண்டுக்குள் நல்லதே கிடைக்கும். ஒரு சிறிய டார்ச் விளக்கு, மில்லிமீட்டர் அளவுகோல், மென்மையான பருத்தித் துணி, கைப்பேசி. இவ்வளவு போதும். சோதனை அமிலம் வாங்காதீர்கள். அது கையையும் சுடும், கரண்டியிலும் அழியாத கறையை விட்டுவிடும்.

2. முத்திரையை முழுதாகப் படியுங்கள்

வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டுக் கழுவித் துடைத்தால் போதும். பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். முலாம் என்பதே மிக மெல்லிய வெள்ளிப் படலம்தான். முத்திரையின் விளிம்புகளை அழிப்பதில் பாலிஷுக்கு நிகர் வேறில்லை. பள்ளத்தில் படிந்திருக்கும் கறுப்பு உங்களுக்கு உதவி செய்கிறது. எழுத்து தெரிவதே அதனால்தான்.

டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் கரண்டிக் காம்பின் பக்கவாட்டில் படுக்கவைத்ததுபோல் அடியுங்கள். தேய்ந்துபோன எழுத்துகூட நிழலில் எழுந்து நிற்கும். கரண்டியை மெல்லச் சுழற்றி, ஒளி வரும் திசையை மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். ஒரு கட்டில் ஆறு கரண்டி இருந்தால் ஆறையும் பாருங்கள். ஒன்றில் முதல் எழுத்து நன்றாக விழுந்திருக்கும், இன்னொன்றில் கடைசி எழுத்து. ஆறையும் சேர்த்துப் படித்தால்தான் முழு முத்திரை கிடைக்கும். காணும் எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக, கேடயத்தின் வடிவத்தோடு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சின்னத்தைச் சுற்றியுள்ள வடிவம் வட்டமா, சதுரமா, சாய்சதுரமா என்பது பின்னால் மிக முக்கியமாகும்.

3. வெள்ளியா, முலாமா?

பிரிட்டனில் செய்த அசல் வெள்ளியில் சில சின்னங்கள் சேர்ந்தே வரும். நடக்கும் சிங்கம் உலோகத்தின் தரத்தைச் சொல்கிறது. ஊரைக் காட்ட லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடமும் அதன்பின் ரோஜாவும். ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்து. செய்தவரின் பெயருக்கு முதலெழுத்துகள். எடின்பரோ வெள்ளியில் கோட்டை இருக்கும். சிங்கமும் ஊர்ச் சின்னமும் ஆண்டெழுத்தும் தெளிவாகச் சேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஹால்மார்க் கையேட்டைத் திறவுங்கள்.

முலாம் பொருளில் பெரும்பாலும் காணப்படுவது இ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்து. நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் (மின்சாரத்தால் படியவைத்த வெள்ளி முலாம்) பூசியது என்று பொருள். நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம். பெயரில் தவிர வெள்ளி எங்கும் கிடையாது. நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் பெயரும் இதற்குரியதே. இ.பி. என்று மட்டும் இருந்தாலும் மின்முலாம்தான். இ.பி.பி.எம். என்றிருந்தால் அடி உலோகம் பிரிட்டானியா மெட்டல். அது ஈயம்போல் மங்கிய, மென்மையான வெள்ளீயக் கலவை. மீண்டும் முலாம் பூசுவது கடினம் என்பதால், தேய்ந்த நிலையில் அதை வாங்க வேண்டாம் என்பேன்.

பொறி இங்கேதான் இருக்கிறது. அந்த நான்கு எழுத்துகளையும் நான்கு தனித்தனிக் கேடயங்களுக்குள், கோதிக் பாணியில், பக்கத்தில் ஒரு கிரீடத்தோடு அடித்திருப்பார்கள். வெறும் கண்ணுக்கு அது அப்படியே ஹால்மார்க்காகத் தெரியும். சந்தையில் இதைக் காட்டி "விக்டோரியா காலத்து அசல் வெள்ளி" என்று அடித்துச் சொல்லும் விற்பனையாளர்களை நீங்களும் சந்திப்பீர்கள். லென்ஸை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

முத்திரை அழிந்திருந்தால் தேய்மானத்தைப் பாருங்கள். மேசையில் படும் கரண்டிக் குழியின் அடிப்பகுதியிலும் முள்கரண்டியின் பல்நுனிகளிலும் முலாம் முதலில் போகும். அங்கே மஞ்சள் சாயல் தெரிந்தால் நிக்கல் சில்வர், சிவப்புச் சாயல் தெரிந்தால் அடியில் செம்பு.

பழைய தங்கம், வெள்ளி வாங்கும் சில கடைகளில் எக்ஸ்ரே கருவி வைத்து உடனே சோதித்துச் சொல்வார்கள். அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கிறது. தடித்த முலாமைக் காட்டினால் வெள்ளி சதவீதத்தை உயர்த்தியே காட்டும். தேய்ந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர்களிலும் ஏமாறாதீர்கள். பர்மிங்ஹாமின் டேனியல் அண்டு ஆர்ட்டர் நிறுவனம் நெவாடா சில்வர், பிரேசிலியன் சில்வர் என்றெல்லாம் முத்திரையிட்டு விற்றது. எதிலும் வெள்ளி இல்லை. அல்பாக்கா என்று இருந்தாலும் அதே கதைதான். "ஷெஃபீல்டு பிளேட்" என்று சீட்டு ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டை உருக்கி ஒட்டும் பழைய முறைக்கு உரிய பெயர் அது. ஷெஃபீல்டு ஊரில் மின்முலாம் பூசிய கரண்டிக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டி விலையை ஏற்றுவது பரவலான பழக்கம்.

4. தரக் குறிகளை ஒதுக்கி வையுங்கள்

ஏ1 என்பது தயாரிப்பாளர் தன் உயர்ந்த தர முலாமுக்கு வைத்த பெயர். செய்தவர் பெயரின் முதலெழுத்து என்று இதைத் தேடுகிறவர்கள் ஏராளம். "20 ஆண்டு", "25 ஆண்டு" என்று பொறித்திருந்தால் அது உத்தரவாதக் காலம். அமெரிக்கப் பொருள்களில் டிரிபிள், குவாட்ரூபிள் என்ற சொற்கள் முலாமின் கனத்தைப் பற்றிப் பேசுபவை. தனியே ஓரத்தில் நிற்கும் ஒற்றை எழுத்தோ புள்ளியோ பட்டறைத் தொழிலாளியின் குறியாக இருக்கலாம். இவற்றையெல்லாம் உங்கள் தாளில் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் தேட வேண்டியது.

5. பெயரைத் தேடுங்கள்

மிஞ்சியதில் முழுப் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். மாப்பின் அண்டு வெப், வைனர்ஸ், ஆர்தர் பிரைஸ் போன்றவர்கள் பெரும்பாலும் பெயரையே அடித்தார்கள். மாப்பின் அண்டு வெப் பெயரோடு வரும் "பிரின்ஸ் பிளேட்" அவர்களுடைய தரப் பெயர்; அதற்கும் எந்த அரச குடும்பத்து உடைமைக்கும் தொடர்பில்லை.

பெயர் இல்லாமல் படம் இருந்தால், அடிக்கடி கண்ணில் படுபவை இவை. முக்கோணக் கொடிக்குள் எழுத்துகள் இருந்தால் ஷெஃபீல்டின் வாக்கர் அண்டு ஹால். கொடி தொங்கும் எக்காளம் என்றால் ஜேம்ஸ் டிக்சன் அண்டு சன்ஸ். குறுக்காக வைத்த அம்புகள் என்றால் வில்லியம் ஹட்டன் அண்டு சன்ஸ். கேடயத்துக்குள் "இ அண்டு கோ" என்றிருந்தால் பர்மிங்ஹாமின் எல்கிங்டன். மின்முலாம் முறைக்கே 1840இல் காப்புரிமை பெற்ற நிறுவனம் அது.

முதலெழுத்துகள் மட்டும் இருந்தால் வேலை கடினம். ஒரே முதலெழுத்துகளை வைத்திருந்த பட்டறைகள் ஷெஃபீல்டிலும் பர்மிங்ஹாமிலும் பல. எழுத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எழுத்து, கேடயத்தின் வடிவம், எழுத்துக்கு இடையிலுள்ள புள்ளி அல்லது நட்சத்திரம், பக்கத்தில் உள்ள படம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். மூன்று பொருந்தி ஒன்று பொருந்தவில்லை என்றால் அது வேறொருவர். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்; "கிட்டத்தட்ட இதேதான்" என்று எழுதிவைக்கப்பட்ட தவறான அடையாளங்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவி, உண்மையைத் தேடுகிறவர்களின் நேரத்தைத் தின்கின்றன.

இன்னொரு பொறி, விற்ற கடையின் பெயர். பெரிய அங்காடிகளும் ஊர் நகைக்கடைகளும் தங்கள் பெயரைப் பொறித்துத் தரச் சொல்லி வாங்கின. லண்டன் அங்காடியான ஹாரட்ஸின் பெயர் இருந்தால் ஹாரட்ஸ் விற்றது, அவ்வளவுதான். உணவு விடுதி, ரயில்வே, கப்பல் நிறுவனப் பெயர்கள் வாங்கியவரைக் குறிக்கும். பிற்காலத்தில் யாரோ பொறித்துச் சேர்த்த கப்பல் சின்னங்களும் சந்தையில் உலவுகின்றன. புகழ்பெற்ற கப்பலின் பெயர் கண்ணில் பட்டால், பொறிப்பின் பள்ளத்தில் கரண்டியின் மற்றப் பகுதிக்கு உரிய தேய்மானம் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

6. ஐரோப்பியக் கரண்டிகளில் எண்

பிரான்சில் கேடய வடிவமே விடை சொல்லும். அசல் வெள்ளி செய்பவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்கும். முலாம் பூசுபவரின் முத்திரை சதுரத்துக்குள் இருக்கும். அசல் வெள்ளி என்றால் கூடவே மினர்வா தேவியின் தலையும் இருக்க வேண்டும். கிறிஸ்டோஃபிள் நிறுவனம் பெரும்பாலும் தன் பெயரை முழுதாகவே அடித்திருக்கிறது. பழையவற்றில் தராசுச் சின்னமும் உண்டு.

ஜெர்மனியின் டபிள்யூ.எம்.எஃப். கரண்டிகளிலும் ஆஸ்திரியாவின் பெர்ன்டோர்ஃப் கரண்டிகளிலும் 90 அல்லது 100 என்ற எண் இருக்கும். 90 சதவீத வெள்ளி என்று இதற்குப் பொருள் சொல்லி விற்பவர்களிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். ஒரு டஜன் மேசைக்கரண்டிக்கும் ஒரு டஜன் முள்கரண்டிக்கும் சேர்த்து 90 கிராம் வெள்ளி படிய வைத்தார்கள் என்பதே அதன் கணக்கு. 24 பொருளுக்கு 90 கிராம் என்றால் ஒன்றுக்கு நான்கு கிராம்கூட இல்லை. ஜெர்மானிய அசல் வெள்ளியில் 800 போன்ற மூன்று இலக்க எண்ணோடு பிறையும் கிரீடமும் இருக்கும். பெர்ன்டோர்ஃப் பொருளை நடக்கும் கரடியின் படத்தால் அறியலாம்.

7. அமெரிக்கக் கரண்டியில் ஆண்டு

"1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்று பொறித்த கரண்டியை 1847இல் செய்தது என்று நினைக்காதவரே இல்லை. அந்த எண் வணிகப் பெயரின் ஒரு பகுதி; இருபதாம் நூற்றாண்டிலும் அதே எண்ணோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். "1881 ரோஜர்ஸ்", "1835 ஆர். வாலஸ்" என்பவையும் இப்படித்தான். ரோஜர்ஸ் என்ற பெயரில் பல நிறுவனங்கள் இருந்தன. கழுகோ நட்சத்திரமோ பெயருக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுவரை குறித்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் 1898இல் பல பட்டறைகள் சேர்ந்து உருவான இன்டர்நேஷனல் சில்வர் நிறுவனம்.

அமெரிக்கப் பொருளில் முத்திரையைவிடக் காம்பின் வேலைப்பாடு சீக்கிரம் விடை தரும். ஒவ்வொரு வேலைப்பாட்டுக்கும் ஒரு பெயரும் அறிமுகமான ஆண்டும் உண்டு. 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸின் திராட்சைக் குலை வேலைப்பாடு "வின்டேஜ்", 1904. "ஃபர்ஸ்ட் லவ்", 1937. பெயர் தெரிந்தால் தொலைந்துபோன ஒரு கரண்டிக்கு ஈடு தேடுவதும் எளிது.

8. காலத்தைக் குறுக்குங்கள்

ஆண்டெழுத்து இட்ட முலாம் தயாரிப்பாளர்கள் சிலரே. எல்கிங்டன் அவர்களில் முக்கியமானவர். ஆங்கில எழுத்து வரிசையில் 1886இல் ஏ-யில் தொடங்கிய சுற்று 1911இல் இசட்டில் முடிந்தது. 1912இல் மறுபடியும் ஏ. 1865இலும் ஏ-யில் ஒரு சுற்று தொடங்கியதால், எழுத்தைச் சூழ்ந்த கேடயத்தையும் எழுத்தின் பாணியையும் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்குச் சுற்றுவழிதான். பிரிட்டனில் ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கு அடையாளமான சாய்சதுர வடிவப் பதிவுக்குறி இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையே பதிவானது. 1884 முதல் பதிவு எண் முறை வந்தது. 1890இன் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 1,41,000ஐயும் 1900இன் தொடக்கத்தில் 3,51,000ஐயும் எட்டியிருந்தது. இந்த எண் வடிவமைப்பு பதிவான நாளைத்தான் சொல்லும். கரண்டி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

முலாம் பொருளில் கிரீடம் இருந்தால் பெரும்பாலும் ஏறக்குறைய 1896க்கு முந்தியது. கிரீடம் ஷெஃபீல்டு பரிசோதனை அலுவலகத்தின் சின்னம் என்பதால் முலாம் பூசுபவர்கள் அதைப் பயன்படுத்துவது அப்போது தடுக்கப்பட்டது. "இங்கிலாந்து" என்ற நாட்டுப் பெயர் பொறித்திருந்தால் பொதுவாக 1891க்குப் பிந்தியது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் அதை வற்புறுத்தியது அந்த ஆண்டில்தான்.

9. கத்திகளைத் தனியே பாருங்கள்

கத்தியில் அலகு ஒருவருடையது, பிடி இன்னொருவருடையது. பழைய பிடியில் புதிய அலகு மாற்றுவது சாதாரணம். அலகில் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ஸ்டெயின்லெஸ் என்ற சொல் இருந்தால், ஷெஃபீல்டில் அந்த எஃகு 1913இல்தான் உருவானது என்பதை நினைவில் வைத்து, பிடியின் காலத்தைத் தனியாகக் கணியுங்கள். பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள வளையம் மட்டும் அசல் வெள்ளியாக, ஹால்மார்க்கோடு இருப்பதும் உண்டு. அந்த வளையத்தைக் காட்டி முழுப் பெட்டியையும் வெள்ளி விலைக்கு விற்பார்கள். உள்ளீடற்ற பிடிகளில் குங்கிலியம் போன்ற பசை நிரப்பியிருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டால் இளகி அலகு கழன்றுவிடும்.

வெண்ணிறப் பிடி என்றால் நின்று பாருங்கள். எலும்பில் கருமையான நுண்துளைகள் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். ஒரே சீரான இணைகோடுகள் தெரிந்தால் செல்லுலாய்டு. தந்தம் என்றால் பிரிட்டனில் 2022 ஜூன் 6 முதல் நடப்புக்கு வந்த தந்தச் சட்டம் குறுக்கே நிற்கும். வைத்திருக்கலாம், வாரிசுக்குக் கொடுக்கலாம்; விற்பதென்றால் விதிவிலக்குக்குள் வர வேண்டும். 1947க்கு முந்தைய பொருளில் தந்தம் கன அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் 20 பவுண்டு கட்டிப் பதிவு செய்து விற்கலாம். முழுப் பிடியும் தந்தமாக இருக்கும் கத்தி அந்த வரம்புக்குள் அடங்குவது அரிது. 1918க்கு முந்தைய மிகச் சிறந்த கலைப்பொருளுக்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்க 250 பவுண்டு ஆகும். மேசைக்கத்திக்கு அது கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். இந்தியாவுக்கு எடுத்துப்போகும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

10. ஆவணம், செலவு, நேரம்

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தாள் போடுங்கள். வாங்கிய இடம், தேதி, விலை, ரசீது. முழு நீளப் படம் ஒன்று, அளவுகோலோடு முத்திரைப் படம் ஒன்று. நீளம், எண்ணிக்கை, தேய்மானம். அடையாளத்துக்கு வந்த காரணம். பெட்டியோடு கிடைத்தால் பெட்டியை எறியாதீர்கள். பெட்டியின் உள்ளே ஒட்டிய பட்டுத் துணியில் அச்சான கடை முகவரி காலத்தைக் குறுக்க உதவும். ஆனால் பெட்டி வேறு, கரண்டி வேறாக இருக்கும் வாய்ப்பும் உண்டு: பள்ளங்களில் கரண்டி கச்சிதமாக உட்காருகிறதா என்று பாருங்கள்.

வியாபாரமாக விற்கும்போது முலாம் பொருளை வெள்ளி என்று மட்டும் எழுதினால் 1973ஆம் ஆண்டின் ஹால்மார்க் சட்டத்தை மீறியதாகும். "வெள்ளி முலாம்" என்று முழுதாக எழுதுங்கள்.

ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடியாது. வாங்குபவர் கட்டணமாக 20 முதல் 30 சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். அதன்மேல் வாட் வரியும் வரலாம். ஏலம் கேட்பதற்கு முன் நிபந்தனைப் பக்கத்தைப் படியுங்கள். மீண்டும் முலாம் பூச ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது கரண்டியின் விலையைத் தாண்டிவிடும். குடும்பப் பொருள் என்றால் செய்யலாம், விற்பதற்காகச் செய்வதில் பயனில்லை. மேலும் முலாம் பூசுவதற்கு முன் மெருகேற்றும்போது முத்திரை மங்கிவிடும். படம் எடுத்த பிறகே அனுப்புங்கள்.

முழுப் பெயரோ தெரிந்த படமோ உள்ள முத்திரைக்கு ஒரு மாலை நேரம் போதும். முதலெழுத்து மட்டும் உள்ளதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், அதற்குமேல் வேண்டாம். விடை கிடைக்காவிட்டால் "மின்முலாம், ஷெஃபீல்டாக இருக்கலாம், செய்தவர் தெரியவில்லை" என்று தாளில் எழுதி, முத்திரைப் படத்தையும் ஒட்டி அடுத்த கட்டை எடுங்கள். இன்னொரு சந்தையில் அதே கேடயம் தெளிவான பெயரோடு கண்ணில் படும்போது அந்தத் தாள் உங்களிடம் இருக்க வேண்டும்.